எழுத்து தெரியாத பிள்ளைக்குத்தான் புத்தகம்

“இன்னும் அ, ஆவே முழுசா வரல. அதுக்குள்ள எதுக்குக் கதைப்புத்தகம்? முதல்ல எழுத்து வரட்டும், அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் படிச்சுக்கட்டும்.”

மூன்று, நான்கு வயதுப் பிள்ளை இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் யாரும் இருக்க முடியாது. சொல்பவர்கள் புத்தகத்துக்கு எதிரிகள் இல்லை. பிள்ளை நன்றாகப் படித்து மேலே வர வேண்டும் என்று தவிப்பவர்கள்தான். எல்.கே.ஜி. மிஸ் இதைச் சொல்கிறார், பள்ளித் தாளாளர் சொல்கிறார், தெருமுனை டியூஷன் அக்காவும் சொல்கிறார். ஊரே ஒரே குரலில் சொல்வதால், இது ஒரு கருத்து என்பதே மறந்துபோய் இயற்கை நியதி போல ஆகிவிட்டது. கருத்துதான் இது. அதுவும் தவறான கருத்து. தமிழைப் பொறுத்தவரை இரட்டிப்புத் தவறு.

முதலில் அதன் முழு பலத்தோடு எடுத்து வைத்துவிடுகிறேன். அரைகுறையாகச் சொல்லிவிட்டு மறுப்பதில் பெருமை ஒன்றும் இல்லை.

வாசிப்பின் வாசல் எழுத்து. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம். அடிப்படை வடிவங்களும் துணைக்கால், கொம்பு முதலான குறிகளும் பிடிபட்டால் பெரும்பகுதி வந்துவிடும். எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று என்ற ஆங்கிலத் தொல்லை இங்கே கிடையாது. எழுத்தை முடித்த பிள்ளை எந்தப் புத்தகத்தையும் தானே எழுத்துக்கூட்டிப் படித்துவிடும். சின்ன வயதில் கற்றது பசுமரத்தாணி. ஆகவே மூன்று வயதிலேயே தொடங்கிவிட வேண்டும். ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. பள்ளிக்கு வரும்போதே எழுத்துகளை அறிந்திருக்கும் பிள்ளை பின்னால் நன்றாகப் படிக்கிறது என்பதை, அமெரிக்கத் தேசிய ஆரம்ப எழுத்தறிவுக் குழு 2008இல் வெளியிட்ட அறிக்கை பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து உறுதி செய்தது. கதைப்புத்தகம் நல்லதுதான், ஆனால் அது படிக்கத் தெரிந்த பிறகு கிடைக்கும் பரிசு.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. எழுத்துக்கூட்டத் தெரிந்தால் படிக்கத் தெரிந்ததாகிவிடுமா?

எந்தப் பள்ளிக்கும் போய், மூன்றாம் வகுப்பில் “நல்லாப் படிக்கிற பையன்” என்று ஆசிரியர் காட்டும் ஒருவனிடம் அவன் பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுங்கள். தடங்கல் இல்லாமல், கணீரென்று, முற்றுப்புள்ளியில் நிறுத்திப் படிப்பான். “என்னப்பா கதை?” என்று கேளுங்கள். மறுபடி முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்குவான். கேள்விக்கு அதுதான் பதில் என்று அவன் நினைக்கிறான். ஏனென்றால் படிப்பு என்றால் அச்சைச் சத்தமாக்குவது என்றுதான் அவனுக்கு மூன்று வயதிலிருந்து காட்டியிருக்கிறோம்.

பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இருவர் 1986இல் வாசிப்புக்கு ஓர் எளிய சூத்திரம் சொன்னார்கள். எழுத்துக்கூட்டும் திறனை மொழியைப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கினால் கிடைப்பதே வாசிப்பு. கூட்டல் இல்லை, பெருக்கல். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் மற்றது எவ்வளவு இருந்தாலும் விடை பூஜ்யம். நம் மழலை வகுப்புகள் முதல் எண்ணை மட்டும் ஏற்றிக்கொண்டே போகின்றன. இரண்டாவது எண் எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்பதில்லை. “வீட்டிலே தமிழ்தானே பேசுறோம், அது தானா இருக்கும்” என்ற நம்பிக்கை. அங்கேதான் கோளாறு.

2. வீட்டில் பேசும் தமிழா புத்தகத்தில் இருக்கிறது?

“அவங்க வந்துட்டாங்க” என்று சொல்லிப் பழகிய பிள்ளை, ஒன்றாம் வகுப்பில் “அவர்கள் வந்துவிட்டார்கள்” என்ற வரியின் முன்னால் நிற்கிறது. “அழுவுது” என்று அதற்குத் தெரிந்தது அச்சில் “அழுகிறது”. “வீட்டுக்குள்ள” என்பது “வீட்டிற்குள்”. மதுரைப் பிள்ளையின் “அங்கிட்டு”, யாழ்ப்பாணப் பிள்ளையின் “அங்கால”, சென்னைப் பிள்ளையின் “அங்க” எல்லாம் அச்சுக்குள் போனதும் “அங்கே”. பெரியவர்களான நமக்கு இந்தத் தூரம் கண்ணில் படுவதில்லை. பல வருடங்கள் நடந்து நடந்து வழி தேய்ந்துவிட்டது. ஐந்து வயதுக்கு அது ஆறு கடப்பது மாதிரி.

எழுத்து மட்டும் கற்று வந்த பிள்ளையின் நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வந்... து... விட்... டார்... கள். மூச்சு முட்டக் கூட்டி முடித்ததும் கையில் கிடைப்பது, அது வாழ்நாளில் ஒருமுறைகூட வாயால் சொல்லாத ஓர் ஒலிக்கோவை. இத்தனை பாடுபட்டதற்குப் பரிசாக, தெரிந்த ஒரு சொல் கண்ணுக்கு முன்னால் பளிச்சென்று எழுந்து நிற்க வேண்டும். எழுந்து நிற்பதில்லை. இப்படியே நாற்பது வரி போனால் எந்தப் பிள்ளைக்கும் புத்தகம் வேப்பங்காயாகத்தான் கசக்கும். பிறகு “இந்தக் காலத்துப் பசங்களுக்கு வாசிப்பே இல்லை” என்று நாமே புலம்புகிறோம்.

இரண்டு வருடம் தினமும் ஒரு கதை வாசிக்கக் கேட்ட பிள்ளை எப்படி வருகிறது? எனக்குத் தெரிந்த ஒரு நான்கு வயதுக்காரி இருக்கிறாள். தாகம் எடுத்தால் “அம்மா, தண்ணி” என்பாள், அவ்வளவுதான். அவளே தனக்குப் பிடித்த படப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, சில நேரம் தலைகீழாகவே பிடித்துக்கொண்டு, பொம்மைக்குப் படித்துக் காட்டுவாள்: “எனக்கு மிகவும் தாகமாக இருக்கிறது என்று குருவி சொன்னது.” அவள் வீட்டில் யாரும் “தாகமாக இருக்கிறது” என்று பேசுவதில்லை. “என்று” போட்டு வாக்கியத்தை முடிக்க அவளுக்கு எவரும் இலக்கணம் நடத்தவில்லை. வாய்க்கு ஒரு தமிழ், புத்தகத்துக்கு ஒரு தமிழ் என்று அவளே பிரித்து வைத்துக்கொண்டாள். பிள்ளைகள் இப்படிப் படிப்பதுபோலப் பாவனை செய்வதை எலிசபெத் சல்ஸ்பி என்ற ஆய்வாளர் ஊன்றிக் கவனித்து 1985இல் படிப்படியாக விவரித்தார். படத்துக்குப் பெயர் சொல்வதில் தொடங்கி, பேச்சுக் கதையாகச் சொல்லி, மெல்ல மெல்ல அச்சு மொழியின் ஓசைக்கு வந்து சேர்கிறார்கள் பிள்ளைகள். பொம்மைக்குப் படித்துக் காட்டும் அந்த விளையாட்டு வாசிப்பின் ஒரு படிநிலை. நம் வீடுகளில் அதற்குப் பெயர் “சும்மா உளறிட்டிருக்கு”.

“புத்தகத் தமிழ் சின்னப் பிள்ளைக்கு எங்கே புரியும்?” என்று இப்போது கேட்பீர்கள். இதே கேள்வியை அரபு பேசும் மக்களும் கேட்டார்கள். அவர்களுக்கும் நம்மைப் போலவே வீட்டு மொழி ஒன்று, ஏட்டு மொழி ஒன்று. மழலைகளுக்கு இலக்கிய அரபு எட்டாது என்று கதையைப் பேச்சு மொழிக்கு மாற்றிச் சொல்வதே அங்கு வழக்கம். இஸ்ரேலில் உள்ள அரபு மழலைப் பள்ளிகளில் தினா ஃபைட்டெல்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் அந்த வழக்கத்தை மீறிப் பார்த்தார்கள். சில மாதங்கள் தினமும் இலக்கிய அரபிலேயே கதைகளை வாசிக்கச் செய்தார்கள். 1993இல் முடிவு வெளியானது. கேட்டுப் புரிந்துகொள்வதிலும், படத்தைப் பார்த்துத் தாமே கதை சொல்வதிலும் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களை முந்தியிருந்தார்கள். எட்டாது என்று நினைத்தது பெரியவர்கள் மட்டுமே.

ஆகவே, முதல் தடவை கதையை உங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொல்லுங்கள், குற்றமில்லை. அடுத்த தடவையிலிருந்து அச்சில் இருப்பதை இருக்கிறபடி வாசியுங்கள். “வந்துவிட்டார்கள்” என்பதை “வந்துட்டாங்க” ஆக்காதீர்கள். பிள்ளை அதே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கும், உங்களுக்குச் சலித்துப்போகும். அலுப்பில் ஒரு வரியைத் தாண்டினால் “நீ விட்டுட்ட” என்று பிடித்துக்கொள்ளும். எழுத்து ஒன்றுகூடத் தெரியாவிட்டாலும், அந்தத் தாளில் இருக்கும் சொற்கள் நேற்றும் இன்றும் மாறாதவை என்பது அந்த நிமிடம் அதற்குத் தெரிந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் எழுத்தைக் கற்ற பிள்ளைக்கு எழுத்து எதற்காக இருக்கிறது என்பதே தெரியாது.

3. தமிழை எழுதியபடியே படித்துவிடலாமாம்!

“பயன்” என்று எழுதுங்கள். பக்கத்தில் “பயம்” என்று எழுதுங்கள். இரண்டையும் சத்தமாகப் படியுங்கள். முதல் எழுத்து ஒன்றுதான்; உங்கள் தொண்டை இரண்டு இடத்தில் இரண்டு வேலை செய்தது. “பல்” என்பதில் ஒரு ப, “பஸ்” என்பதில் வேறு ப, “பம்பரம்” என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு ப. “பாவம்” என்று எழுதியிருந்தால் அது செய்த பாவமா, நாட்டியக்காரி முகத்தில் காட்டும் பாவமா என்று எழுத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. மெல்லினத்தை அடுத்து வந்தால் இப்படி, இரட்டித்தால் அப்படி என்று ஓரளவுக்கு விதி உண்டு என்பது உண்மை. அந்த விதி பயத்தையும் பஸ்ஸையும் காப்பாற்றாது. தவிர, நான்கு வயதுப் பிள்ளை விதி பார்த்துப் படிப்பதில்லை. அந்தச் சொல் ஏற்கெனவே காதில் இருந்தால், கூட்டும்போது “ஓ, பம்பரம்!” என்று தட்டுப்படும். இல்லையென்றால் தட்டுப்படாது. ஒலியைத் தோராயமாகக் காட்டிவிட்டு மிச்சத்தைக் காதுக்கு விட்டுவிடுவது நம் எழுத்து முறை. அதைக் கற்கும் பிள்ளைக்கு எல்லோரையும்விடச் சொல்வளம் அதிகம் தேவை.

சொல்வளம் சமையலறைப் பேச்சில் மட்டும் கிடைத்துவிடாதா? “சாப்பிடு, எழுந்திரு, செருப்பைப் போடு, அதைத் தொடாதே.” நம்மில் பலர் நாள் முழுக்கப் பிள்ளையிடம் பேசுவது இவ்வளவுதான். ஆங்கிலத்தில் ஜெசிகா மாண்டாக்கும் உடன் ஆய்வாளர்களும் நூறு படப்புத்தகங்களின் சொற்களைப் பெற்றோர் பிள்ளைகளிடம் பேசும் பேச்சோடு ஒப்பிட்டு 2015இல் எழுதினார்கள். ஒரே அளவு சொற்களை எடுத்துக்கொண்டு பார்த்தால், வெவ்வேறு சொற்கள் புத்தகத்தில்தான் கூடுதலாக இருந்தன. தமிழுக்கு யாராவது இப்படி எண்ணிப் பார்த்தால், நம் இரட்டை வழக்கால் அந்த இடைவெளி இன்னும் அகலமாக இருக்கும் என்பது என் ஊகம்.

“எழுத்தை முடித்துவிட்டு” என்கிறார்களே, அது எப்போது முடியும்? கன்னடப் பிள்ளைகளிடம் சோனாலி நாக் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வு, உயிர்மெய் வரிசைகள் முழுதாகக் கைவசமாக நான்காம் வகுப்புவரை ஆகிறது என்று காட்டியது. ஆங்கிலப் பிள்ளை 26 எழுத்தை முடிப்பதைப் போல ஒரே வருடத்தில் முடிகிற காரியம் இல்லை. நம் எழுத்தும் அதே குடும்பம். எண்ணிக்கை குறைவு, கூட்டெழுத்து இல்லை, அதனால் கொஞ்சம் சீக்கிரம் ஆகலாம். ஆனால் “கெ” எழுதும்போது பின்னால் ஒலிக்கும் உயிருக்கு முன்னால் கொம்பு போட வேண்டும், “கொ” எழுதும்போது க-வை நடுவில் உட்கார வைக்க வேண்டும் என்ற வேடிக்கைகள் இங்கேயும் உண்டு. 247ஐயும் முடித்த பிறகே புத்தகம் என்றால், கதை கேட்கும் வயது முழுவதும் காத்திருப்பிலேயே கழிந்துவிடும். சமைக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் சோறு என்று எந்த வீட்டிலாவது சொல்வோமா?

4. என்ன அவசரம்?

ஒரு எல்.கே.ஜி. பிள்ளையின் இரட்டைக்கோடு நோட்டை வாங்கிப் பாருங்கள். மேலே மிஸ் எழுதிக் கொடுத்த “இ”. பக்கம் முழுக்க அதையே எழுத வேண்டும். பிள்ளை என்ன செய்கிறது தெரியுமா? முதலில் மேலிருந்து கீழ்வரை வெறும் சுழிகளை மட்டும் போட்டுக்கொண்டு வருகிறது. பிறகு மறுபடி மேலே போய், ஒவ்வொன்றுக்கும் மிச்சக் கோட்டை இழுக்கிறது. சீக்கிரம் முடிக்க அது கண்டுபிடித்த தந்திரம், புத்திசாலிப் பிள்ளைதான். ஆனால் அந்தப் பக்கத்தில் அது “இ” என்ற எழுத்தை ஒருமுறைகூட எழுதவில்லை. கீழே சிவப்பு மையில் “குட்”, ஒரு நட்சத்திரம்.

மணிக்கட்டில் எட்டு எலும்புகள். மூன்று, நான்கு வயதில் அவற்றில் பல இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். பென்சிலைப் பக்குவமாகப் பிடிக்கும் விரல் வலுவும் அப்போது முழுதாக வந்திருக்காது. இது தெரியாத குழந்தை மருத்துவர் இல்லை. சரி, கைவலியைப் பொறுத்துக்கொண்டால் பலனாவது உண்டா? நியூசிலாந்தில் செபாஸ்டியன் சக்கேட் ஐந்து வயதில் வாசிக்கக் கற்றவர்களையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டார். பதினோரு வயது வாக்கில் இரு கூட்டத்துக்கும் வாசிப்பில் வித்தியாசம் இல்லை. ஃபின்லாந்தில் பள்ளியே ஏழு வயதில்தான் தொடங்குகிறது.

மழலைப் பள்ளியில் சேர்க்கத் தேர்வும் நேர்காணலும் கூடாது என்று யஷ்பால் குழு 1993இலேயே சொல்லிவிட்டது. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே தரக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டது. அதற்கும் கீழே இருக்கும் யு.கே.ஜி. டயரியில் இன்றைக்கும் “ஹோம்வொர்க்: க முதல் ன வரை, இரண்டு தடவை”. யாரைக் குறை சொல்ல? பள்ளியைக் கேட்டால் பெற்றோரைக் கைகாட்டுகிறது. பெற்றோர் எதிர்வீட்டுப் பிள்ளையைக் கைகாட்டுகிறார்கள்.

5. “நம் முன்னோர் மணலில் எழுதித்தானே படித்தார்கள்?”

திண்ணைப் பள்ளியை இழுக்காமல் இந்த விவாதம் முடிவதில்லை. இழுங்கள், ஆனால் முழுசாக இழுங்கள். மணலில் விரல் எழுதிக்கொண்டிருந்தபோது வாய் என்ன செய்தது? ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் சொல்லிக்கொண்டிருந்தது. பள்ளி விட்டால் கோயில் மண்டபத்தில் பாரதப் பிரசங்கம், ஊர்த்திடலில் விடிய விடியக் கூத்து. ஏட்டுத் தமிழ் காதுக்குள் கொட்டிக்கொண்டே இருந்த காலம் அது. அந்த மூட்டையில் எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, காதுக்கு வந்த பங்கைக் கீழே போட்டுவிட்டு, முன்னோர் வழி என்று சொல்வது கணக்கு மோசடி. (திண்ணைப் பள்ளிக்குள் எல்லாச் சாதிப் பிள்ளையும் நுழைய முடிந்ததா என்பது வேறு கேள்வி. அந்தப் பெருமை பேசுகிறவர்கள் அதையும் ஒருநாள் பேசட்டும்.)

பாட்டி கதை போதாதா என்பார்கள். பாட்டி கதைக்கு ஈடு எதுவும் இல்லை. ஒரு கதை எப்படித் தொடங்கி, சிக்கலாகி, முடிகிறது என்பதைப் பிள்ளை அங்கேதான் கற்கிறது. ஆனால் பாட்டி பேச்சுத் தமிழில் சொல்கிறார், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறார், கையில் தாள் இல்லை. அச்சு மொழியையும் அச்சையும் அவரிடமிருந்து எதிர்பார்ப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். பாட்டியும் வேண்டும், புத்தகமும் வேண்டும். பாட்டிக்கு வாசிக்கத் தெரிந்தால் இன்னும் நல்லது.

6. “மாண்டிசோரி அம்மையாரே எழுத்தைத்தானே முதலில் கற்பித்தார்?”

எதிர்த் தரப்பின் சிறந்த வாதம் இது. அவர்கள் இதை அதிகம் பயன்படுத்தாததுதான் ஆச்சரியம். 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ குடியிருப்பில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், நான்கு வயதுப் பிள்ளைகள் கடகடவென்று எழுதத் தொடங்கியதைப் பார்த்து உலகமே வியந்தது. 1939இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் பெயர் இன்று நம் ஊர்களில் எத்தனையோ மழலைப் பள்ளிகளின் பலகையில் தொங்குகிறது.

பலகையில் தொங்குகிறதே தவிர வகுப்பில் இல்லை. அவருடைய பிள்ளைகள் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவினார்கள். விரும்பியபோது எடுத்தார்கள், போதும் என்றால் வைத்துவிட்டார்கள். அதற்கு முன்பே உருளைகளும் சட்டங்களுமாக மாதக்கணக்கில் கையைப் பழக்கியிருந்தார்கள், பொருள்களின் பெயர்களை ஓயாமல் சொல்லிப் பழகியிருந்தார்கள். சிவப்பு மை இல்லை, வீட்டுப்பாடம் இல்லை. இரட்டைக்கோடு நோட்டில் ஒரு பக்கம் “இ” எழுதச் சொல்லிவிட்டு அவர் பெயரைச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: பேசும் முயல், பறக்கும் கம்பளம் மாதிரிக் கற்பனைக் கதைகள் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பது அவருடைய எண்ணம். அந்த இடத்தில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை.

இப்போது என் பக்கத்து ஆட்களோடும் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டால் எழுத்து தானாக வந்துவிடும் என்று சில ஆர்வலர்கள் மேடை போட்டுப் பேசுகிறார்கள். வராது. கதை வாசிக்கும்போது பிள்ளையின் கண் எங்கே போகிறது என்று மேரி ஆன் எவன்ஸும் ஜான் செயின்ட்-ஓபினும் 2005இல் கருவி வைத்துப் பார்த்தார்கள். கண் ஏறக்குறைய முழு நேரமும் படத்தின் மேல்தான் இருந்தது. மோனிக் செனெஷாலும் ஜோ-ஆன் லெஃபெவ்ரும் கனடாவில் ஐந்து வருடம் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 2002இல் எழுதியதும் இதையே வேறு வழியில் சொல்கிறது. கதை கேட்டதால் சொல்வளமும் புரிதலும் வளர்ந்தன, பெற்றோர் எழுத்தைச் சொல்லிக் கொடுத்ததால் எழுத்தறிவு வளர்ந்தது. இரண்டும் வேறு வேறு வரவு. பின்னாளில் வாசிப்பில் வந்து சேர்ந்துகொண்டன. ஆகவே எழுத்தே சொல்லித்தராதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வாசிக்கும்போது தலைப்பின் அடியில் விரலை ஓட்டுங்கள். “இது உன் பேருல வர்ற மு” என்று காட்டுங்கள். ஒன்றாம் வகுப்பில் எழுத்தை முறையாக, ஒழுங்காகக் கற்பியுங்கள். எழுத்து முடியும்வரை புத்தகத்தைக் கண்ணில் காட்டாதே என்ற வரிசையை மட்டும் தூக்கிப் போடுங்கள்.

எப்படி வாசிப்பது என்பதும் முக்கியம். பாடம் ஒப்பிப்பது போல வாசித்துவிட்டு மூடினால் பாதிப் பலன் வீண். குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் சில பெற்றோருக்கு மிகச் சின்ன பயிற்சி கொடுத்தார்கள். நடுநடுவே “ஏன் அது ஓடுது?”, “நீயா இருந்தா என்ன செய்வ?” என்று கேளுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள், பிள்ளை சொன்னதோடு இரண்டு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள் என்றார்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகள் பேச்சில் மற்றவர்களை நன்றாக முந்திவிட்டார்கள். அத்தனைக்கும் அந்த மற்ற வீடுகளிலும் புத்தகம் வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். செல்போனில் ஓடும் கதை வீடியோ ஏன் இதற்கு ஈடாகாது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. அது நிறுத்தாது, கேட்காது, காத்திருக்காது.

புத்தகங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடைசிப் பக்கத்தில் “நீதி” என்று பெட்டி கட்டிப் போட்ட புத்தகத்தை நான் பிள்ளைகளுக்கு வாங்குவதில்லை. ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்து, எந்தத் தமிழனும் எந்தக் காலத்திலும் எழுதாத தமிழில் வரும் வண்ணப் புத்தகங்களையும் அப்படியே திருப்பி வைத்துவிடுவேன். காதுக்கு நல்ல தமிழ் வேண்டும் என்பதுதானே இத்தனை வாதமும்.

7. “இதெல்லாம் வசதியான வீட்டுக் கதை”

படிக்காத தாய் எப்படி வாசித்துக் காட்டுவாள்? கூலிக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு வருகிறவளிடம் புத்தகம் வாங்கு என்று சொல்ல வெட்கமாக இல்லையா? இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். ஆனால் இது எந்தத் தரப்புக்குச் சாதகம் என்று யோசித்தீர்களா? வசதியான வீட்டில் பள்ளி கொடுக்காததை வீடு கொடுத்துவிடும். புத்தகம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியும் எழுத்து மட்டும்தான் கொடுக்கும் என்றால், பெருக்கலின் இரண்டாவது எண் அதற்கு எங்கிருந்தும் வராது. எழுத்துக்குப் பிறகுதான் புத்தகம் என்ற கொள்கையால் அதிகம் இழப்பது ஏழைப் பிள்ளை.

அந்தத் தாய்க்கு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. சொல்லே இல்லாத படப்புத்தகங்கள் இருக்கின்றன; படத்தைப் பார்த்து அவள் தன் கதையைச் சொல்லலாம். நான்காம் வகுப்பு அண்ணன் தங்கைக்கு வாசிக்கலாம், அதில் அண்ணனுக்கும் லாபம். 2004இல் தொடங்கிய பிரதம் புக்ஸ் குறைந்த விலையில் தமிழிலும் வெளியிடுகிறது. 2015 முதல் அதன் ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாகவே படித்துக்கொள்ளலாம். நேஷனல் புக் டிரஸ்ட் இருக்கிறது, பாரதி புத்தகாலயத்தின் வெளியீடுகள் இருக்கின்றன, தூலிகாவின் இருமொழிப் புத்தகங்கள் இருக்கின்றன. புத்தகம் இல்லை என்று சொல்லும் காலம் போய்விட்டது. புத்தகத்துக்கும் பிள்ளைக்கும் நடுவே நிற்பது வேறு ஒன்று.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975இல் தொடங்கியது. இன்று அதன்கீழ் தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள். அவற்றுக்கென்று பாட்டும் கதையும் விளையாட்டுமாக “ஆடிப்பாடி விளையாடு பாப்பா” என்ற பாடத்திட்டமும் இருக்கிறது. ஆனால் “பால்வாடில எழுத வைக்க மாட்டேங்கிறாங்க” என்ற ஒரே காரணத்துக்காக மூன்று வயதுப் பிள்ளைகளை வேனில் ஏற்றித் தனியார் எல்.கே.ஜி.க்கு அனுப்பும் கிராமங்கள் எத்தனை! அரசும் 2019இல் 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று பலகை மாட்டியது. அந்தப் பெயர் கேட்டால்தான் பெற்றோர் நம்புகிறார்கள் என்பது அரசுக்கும் தெரிந்திருக்கிறது.

மையத்துக்குள் போய்ப் பாருங்கள். டீச்சருக்கு எடை பார்க்கும் வேலை, சத்துமாவுக் கணக்கு, போஷன் டிராக்கர் செயலியில் பதிவேற்றம், கர்ப்பிணிகள் பட்டியல். இத்தனைக்கும் நடுவே கதைப்புத்தகங்கள் எங்கே என்று கேட்டால், நான் பார்த்த சில மையங்களில் பீரோவைக் காட்டினார்கள். பூட்டிய பீரோ. திறந்தால் உள்ளே மடிப்புக் கலையாத வண்ணப் புத்தகங்கள். “பிள்ளைங்க கையில குடுத்தா கிழிச்சிரும் சார். ஆடிட்ல கேட்டா நான் என்ன சொல்றது?” அவர் பயம் நியாயமானது. பொருள் பதிவேட்டில் ஏறிய எதுவும் குறைந்தால் அவர் தலையில்தான் விழும். மூன்று வயதுப் பிள்ளை புத்தகத்தைக் கிழிக்கும், கடிக்கும், மேலே சாம்பார் கொட்டும். கிழியாமல் புரட்டக் கற்பதே சில மாதப் பாடம், அந்தப் பாடத்துக்கும் புத்தகம்தான் வேண்டும்.

அங்கன்வாடிகளை நடத்தும் துறையிடம் நான் கேட்பது இவ்வளவுதான். சாக்பீஸ் மாதிரி, படப்புத்தகத்தைத் தேய்ந்து தீரும் பொருள் என்று பதிவேட்டில் எழுதுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை கிழிந்ததை எடுத்துக்கொண்டு புதியது கொடுக்க ஒவ்வொரு மையத்துக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரி, கிழிந்த புத்தகத்துக்கு டீச்சரிடம் விளக்கம் கேட்க வேண்டாம். வருடக் கடைசியிலும் கசங்காமல் இருக்கும் புத்தகத்துக்குக் கேட்கட்டும்.